பன்னிக்குக் கட்டின கயிறு

தெஹியோவிட்ட,
08.11.1998, ஞாயிறு.

அன்பு மகன் கஜேந்திரனுக்கு,

இங்க அப்பாவுக்கு இடுப்பு வலி, எனக்கு உன்னைப் பத்தின யோசனை, தங்கச்சிக்கு வாய். இந்த மூணையும் தவிர வேற நோய் எதுவும் இல்லாம மாரியாத்தா புண்ணியத்துல எல்லாரும் எழும்பி நடமாடுறோம். நீயும் அங்க காய்ச்சல் தடிமன் இல்லாம, கடையில சாமான் ஏத்தி இறக்குற நேரம் போக மிச்ச நேரத்துலயாவது ஒழுங்காச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்னுதான் தினமும் விளக்கு வைக்கையில நினைச்சுக்கிறேன். (அண்ணா, கை வழமைபோல என்னோடது. அம்மா அடுப்படியில உட்கார்ந்து சொல்லச் சொல்ல ஷாமிளா எழுதுறேன். எனக்கு வாய்தான் நோய்னு சொன்னதைக்கூட ஒரு எழுத்து விடாம எழுதியிருக்கேன், என்னோட நேர்மையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க.) இவ இப்ப இடையில என்னமோ எழுதினா, நான் ஒண்ணுமே சொல்லலை, ஆனா பேனா ஓடிச்சு. எழுதி முடிச்சதும் தாஸிம் நானாகிட்ட குடுத்து ஒரு தடவை வாசிச்சுக் காட்டச் சொல்றதா இருக்கேன், அப்ப தெரியும் இவ சங்கதி.

நாலே வரியில நீ எழுதின கடிதம் கிடைச்சிச்சு மகன். தீபாவளிக்கு வராதேன்னு ஏன் சொல்லி அனுப்பினீங்க, என்மேல என்ன கோபம், நான் என்ன செஞ்சேன்னு கேட்டிருந்த. வாசிச்ச அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை. உன்மேல ஒரு கோபமும் இல்லப்பா. காரணத்தைத் தபால்ல எழுதப் பயந்தேன், வழியில பிரிச்சுப் பார்க்கிறாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. தபால்காரன் கடிதத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்ததை நானே ஒரு நாள் கண்டேன், விலாசம் தெரியலை அம்மேன்னு சொன்னான், விலாசம் என்ன உள்ளுக்குள்ளயா இருக்கு? அதனாலதான் கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்கு வர்ற தாஸிம் நானா கையில குடுத்து விடுறேன். வாசிச்சிட்டு அடுப்புல போட்டுடு. கொழும்பு ஒரு காலத்துல எங்களுக்குக் கூப்பிடு தூரம். செக்பொயின்ட் வந்ததுக்கு அப்புறம் லண்டனே பக்கம்னு ஆகிப்போச்சு.

சங்கதி என்னன்னா, ஆடி மாசம் நம்ம லயத்து வரிசையில கடைசிக் காம்பரா காலியாக் கிடந்துச்சே, அதுல ஒரு சிங்களப் பொடியன் வந்து சேர்ந்தான். பேரு விமலசிறி. உன் வயசைவிட ரெண்டு மூணு கூட இருக்கும். கைக்காசுக்கு றப்பர் பால் வெட்ட வந்தவன். கிராமத்து ஆளுங்க நம்ம தோட்டத்துக்கு வேலைக்கு வர்றது புதுசில்லை, ஆனா அவங்க காலையில வந்து பின்னேரம் வீட்டுக்குப் போயிடுவாங்க. லயத்துல வந்து தங்கி, நம்ம பீலித் தண்ணியில குளிச்சு, நம்ம கொடியில சாரம் காயப்போட்ட ஆளை நான் கண்டதில்லை. எந்த ஊருன்னு கேட்டா மொனராகலைப் பக்கம்னான். அவ்வளவு தூரத்துல இருந்து இங்க வந்து றப்பர் வெட்ட இவனுக்கு என்ன விதி? அங்க மரமே இல்லையான்னு உங்க அப்பாகிட்ட கேட்டேன். உனக்கு எதுலதான் சந்தேகம் இல்லன்னாங்க. அப்புறம் அவங்களுக்கே வந்துச்சு.

முதல் நாள் காலையில பெரட்டுக்கு இராமசாமி கங்காணி பேர் கூப்பிட்டப்ப மத்தவங்க எல்லாம் கொட்டாவியோட ஆமாங்கன்னு சொல்ல, இவன் நெஞ்சை நிமித்திக் கம்பம் மாதிரி நின்னு போட்ட சத்தத்துல காக்காய் எல்லாம் எழும்பிப் பறந்துச்சாம். முடி ஒட்ட வெட்டியிருக்கும். போர்வையைச் செங்கல் மாதிரி மடிச்சு வச்சிருப்பான். எங்க உட்கார்ந்தாலும் முதுகு சுவத்துல, கண்ணு வாசல்ல. எல்லாத்தையும்விட அவனுக்குத் தெரிஞ்ச தமிழ் இருக்கே, அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கூட்டினது. சோறு தெரியாது, தண்ணி தெரியாது, உப்பு தெரியாது. நில்லு, கையைத் தூக்கு, எங்க போறது, ஐடென்டிடி காட் எடு, இவ்வளவுதான் தெரியும். அந்தத் தமிழை யார் யாருக்குச் சொல்லிக் குடுப்பாங்கன்னு உனக்கு நான் சொல்லணுமா? போன வருஷம் செக்பொயின்ட்ல உன்னைப் பிடிச்சு உள்ள வச்சு, முதலாளி வந்து கையெழுத்துப் போட்டு வெளிய எடுத்தாரே, அப்ப உன்கிட்ட பேசினதும் அதே தமிழ்தானே. (மிச்சத் தமிழை நான்தான் படிப்பிச்சேன் அண்ணா. விடியக் காலையில கங்காணியைப் பார்த்தா மரியாதையா மருமகனேன்னு கூப்பிடணும்னு சொல்லிக் குடுத்தேன். அவனும் மரியாதையாக் கூப்பிட்டான். கங்காணிக்கு இருக்கிறது மூணும் பொட்டப் புள்ளைங்க, அதுக்குள்ள இவன் அவருக்கே மாமனாரா ஆகிட்டான். அன்னைக்கு எல்லாரும் அவங்கவங்க மர நிரையில ஒரு மரம் விடாம வெட்டினாங்களாம், கங்காணிக்கு அவ்வளவு கோபம்.)

அப்புறம் அவன் நடை. றப்பர் மலைக்குள்ள போறப்ப கண்ணு மரத்துல இருக்காது, மண்ணுலயே இருக்கும். தேய்ஞ்ச பாதையை விட்டு ஒரு அடி அங்க இங்க வைக்க மாட்டான். காய்ஞ்ச சருகு குமிஞ்சு கிடந்தா நின்னுடுவான், யாராவது மிதிச்சுப் போன பிறகு அதே தடத்துல கால் வச்சுப் போவான். இந்தப் பக்கம் காலையில யார் போனது, நேத்து யார் போனதுன்னு உங்க அப்பாகிட்ட தினமும் விசாரணை. இவன் சீ.ஐ.டி.தான், மண்ணுக்குள்ள நாம என்னமோ புதைச்சு வச்சிருக்கிறதா நினைச்சுத் தேடுறான்னு கங்காணி அடிச்சுச் சொல்லிட்டார். ஒவ்வொரு பௌர்ணமிப் போயாவுக்கும் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஆத்தைத் தாண்டி எங்கயோ போவான், பொழுது சாயத்தான் திரும்புவான். கேட்டா பன்சலைக்குன்னு சொல்லுவான். இந்தப் பக்கத்துல பன்சலை இல்லையா, ஆத்தைத் தாண்டித்தான் புத்தர் இருக்காரா? ரிப்போட் குடுக்கப் போறான்னு லயமே முடிவு கட்டிடுச்சு. அதுக்கப்புறம் ரேடியோவுல தமிழ்ச் செய்தியைக் காதுல ஒட்டி வச்சுத்தான் கேட்டோம். எங்க காம்பராவுக்கு ஒரு நாள் நெருப்புப் பெட்டி கேட்டு வந்தவன் சுவத்துல உன் போட்டோவைப் பார்த்து இது யாரு, எங்க இருக்கிறதுன்னு கேட்டுட்டான். என் தம்பி, இந்தியாவுல இருக்கான்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அன்னைக்கே போட்டோவைக் கழட்டி ட்ரங்குப் பெட்டியில சேலைக்கு அடியில வச்சேன். (பாஸ்போட் இல்லாம, கப்பல் இல்லாம, ஒரே நிமிஷத்துல இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த ஒரே ஆள் நீங்கதான். அதுவும் எனக்குத் தாய்மாமனா.) இப்படிப்பட்ட ஒருத்தன் அடுத்த சுவத்துக்கு அங்கால இருக்கிறப்ப உன்னை எப்படியப்பா தீபாவளிக்கு வான்னு கூப்பிடுவேன்? நான் சுட்ட முறுக்கை நானே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இனிச் சொல்றதைப் பொறுமையா வாசி. லயத்துக்குப் பின்னால அப்பா மரவள்ளி போட்டிருக்காங்க இல்லையா, காட்டுப் பன்னி இந்த வருஷம் விடுறதே இல்லை. அதனால பொழுது பட்டதும் பாத்தியைச் சுத்தி முழங்கால் உயரத்துல மெல்லிசான கயிறு கட்டி, அதுல பால்மா டின்னுக்குள்ள கல்லுப் போட்டுத் தொங்க விடுவாங்க. பன்னி வந்து முட்டினா டின் கடகடன்னு அடிக்கும், நாங்க எழும்பி விரட்டுவோம். விடிஞ்சதும் கயிறை அவுக்கிறது அப்பாவோட வேலை. (உங்க பழைய சைக்கிள் மணியையும் நான்தான் அதுல கட்டினேன் அண்ணா. பன்னியும் மணியடிச்சு வரட்டுமேன்னுதான்.) தீபாவளி கழிஞ்ச வாரம் ஒரு நாள், முந்தின ராத்திரி காத்துல பலா மரம் ஒண்ணு விழுந்து முன் பாதை அடைச்சிருந்துச்சு. அதனால விமலசிறி பெரட்டுக்குப் போக லயத்துக்குப் பின்பக்கமா வந்திருக்கான். அன்னைக்குன்னு பார்த்து அப்பா கயிறை அவுக்காம கக்கூசுக்குப் போயிட்டாங்க. லேசா வெளிச்சம் வர்ற நேரம். இவ மூஞ்சி கழுவப் பீலிக்குப் போனவ, போன வேகத்துல திரும்பி ஓடி வந்து அம்மா குண்டு, பக்கத்துக் காம்பராக்காரன் குண்டு வைக்கிறான்னு கத்தினா. நான் அகப்பைக் காம்போட ஓடினேன். லயமே ஓடி வந்துச்சு. பார்த்தா அவன் ஈர மண்ணுல குப்புறப் படுத்துக்கிட்டு, ஒரு கையால அந்தக் கயிறைத் தடவித் தடவி அங்குலம் அங்குலமா டின் பக்கம் ஊர்ந்து போறான். குண்டு வைக்கிறவன் வேற எப்படியப்பா இருப்பான்? கங்காணி கட்டுங்கடா அவனைன்னு சொல்லி ஒரு காலைத் தூக்கினார். அவன் தலையைத் திருப்பிப் பார்த்து, அந்தத் தமிழ் இருக்கே, அந்தத் தமிழ்லயே போட்டான் ஒரு சத்தம், நில்லு, யாரும் கிட்ட வராதே, நில்லுன்னு. எல்லாரும் நின்னுட்டோம். கங்காணி தூக்கின காலைக் கீழ வைக்கவே இல்லை. குழந்தைகூட அழலை. நாங்க அவன் குண்டு வச்சிட்டான்னு நின்னோம், அவன் அங்க குண்டு இருக்குன்னு படுத்துக் கிடந்தான். யாருமே வைக்காத ஒரு குண்டுக்கு அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கிட்டு நின்ன அநியாயத்தை என்னன்னு சொல்றது.

அந்த நேரம் பார்த்து உங்க அப்பா சாரத்தை இறுக்கிக்கிட்டு வெளிய வந்தாங்க. என்ன எல்லாரும் செலை மாதிரி நிக்கிறீங்க, துரை வந்திருக்காரான்னு கேட்டுக்கிட்டே நேரா நடந்து வந்து கயிறுல காலை விட்டாங்க. டின் எல்லாம் கடகடன்னு அடிச்சிச்சு, மணியும் டிங்குன்னுச்சு. அவ்வளவுதான், விமலசிறி பாய்ஞ்சு அப்பாவை மரவள்ளிக்குள்ள தள்ளி அவங்க மேல விழுந்து, தலையைத் தன் நெஞ்சுக்குள்ள வச்சு மூடிக்கிட்டான். நாங்க எல்லாம் கண்ணை மூடிட்டோம். ஒண்ணும் வெடிக்கலை. அடியில இருந்து அப்பாவோட குரல் மட்டும் வருது, வல் ஊரோ, அடேய் வல் ஊரோவுக்குக் கட்டினதுடா, எழும்புடா, இடுப்புன்னு. இப்ப விளங்குதா அப்பாவுக்கு எப்படி இடுப்பு வலி வந்துச்சுன்னு? (சிங்களத்துல ஊரோன்னா பன்னிகள். அன்னைக்கு ஊரே கூடி நின்னதும் ஊரோவுக்காகத்தான்.) லயமே சிரிச்சிச்சு. அவனும் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே எழும்பப் பார்த்தான், முடியலை. அப்பத்தான் நான் பார்த்தேன், அவன் காற்சட்டை நனைஞ்சிருந்துச்சு. அது மண்ணு ஈரம் இல்லை. வேற யாரும் பார்க்கிறதுக்கு முன்னாடி உள்ள ஓடி வந்து ட்ரங்குப் பெட்டியைத் திறந்து கைக்கு அகப்பட்டதை எடுத்துக் குடுத்தேன். அது உன்னோட நீலக் கட்டம் போட்ட சாரம். ஏன் அதை எடுத்தேன்னு கேக்காதே, மேலாக அதுதான் இருந்துச்சு.

பிறகு எங்க அடுப்படியில உட்கார்ந்து தேத்தண்ணியைக் கையில வச்சுக்கிட்டே, குடிக்காமலே, சொன்னான். அவன் ஆமிக்காரன். வன்னியில நின்னவன். மத்தவங்களுக்கு முன்னால நடந்து போய் வழியில கம்பி கயிறு ஏதும் இருக்கான்னு பார்க்கிறதுதான் அவனுக்கும் றுவன்னு ஒரு சினேகிதனுக்கும் குடுத்த வேலை. ரெண்டு பேரும் மாறி மாறி முன்னால போவாங்களாம். சண்டைன்னு நாம நினைக்கிறது ஒண்ணும் தனக்கு ஞாபகம் இல்லை அக்கே, தாகமும் கால் புண்ணும் தூக்கமும்தான் ஞாபகம்னான். எதிரியை ஒரு தடவைதான் கிட்டத்துல பார்த்தானாம், அதுவும் செத்த பிறகு, தன்னைவிடச் சின்னப் பொடியனாம், சட்டைப் பையில பாதி கடிச்ச பனங்கட்டி இருந்துச்சாம். ஒரு நாள் றுவன் முன்னால போற முறை. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கிட்டே போனவன் கால்ல ஒரு கயிறு பட்டிருக்கு, கயிறோட நுனியில ஒரு டின் இருந்திருக்கு. அதைச் சொல்லிட்டு எங்க பால்மா டின்னையே பார்த்துக்கிட்டு இருந்தான். றுவனோட வீடு நம்ம ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். றுவன் செத்த மூணாம் மாசத் தானத்துக்கு லீவு எடுத்து வந்தவன், றுவனோட அம்மாவைப் பார்த்துப் பேசணும்னு வாசல் படலை வரைக்கும் போய்ப் பேச முடியாமத் திரும்பியிருக்கான். நாளைக்குப் பேசுவோம், நாளைக்குப் பேசுவோம்னு லீவு முடிஞ்சு போச்சு. முகாமுக்கும் திரும்பப் போக முடியலை, வீட்டுக்குப் போனா பிடிப்பாங்க. இந்தத் தோட்டத்துல வந்து ஒளிஞ்சுக்கிட்டான். போயாவுக்குப் போறது பன்சலைக்கு இல்லை, அந்த வீட்டைத் தூரத்துல இருந்து பார்க்கத்தான்.

விமலசிறியோட மாமன் ஒருத்தனும் பட்டாளத்துல இருந்தவனாம். எழுபத்தொண்ணுல சிங்களப் பொடியன்கள் அரசாங்கத்துக்கு எதிராக் கிளம்பின கலவரத்துல இதே கேகாலைப் பக்கம் ஒரு பாலத்துக்குக் காவல் நின்னவன். அங்க என்ன நடந்துச்சுன்னு சாகும்வரை வீட்டுல யாருக்கும் சொல்லலையாம், ஆனா பஸ்ஸுல அந்தப் பக்கம் போனா பாலத்துக்கு முன்னாடி இறங்கி, நடந்து தாண்டி, அடுத்த பஸ்ஸுல ஏறுவானாம். அதைக் கேட்டப்பதான் அப்பா வாயைத் திறந்தாங்க. உங்க தாத்தா நினைவிருக்கா, அப்பாவோட அப்பா? ஜப்பான்காரன் திருகோணமலையில குண்டு போட்ட காலத்துல வெள்ளைக்காரன் காக்கிக் காற்சட்டை குடுத்து மூட்டை தூக்கக் கூட்டிட்டுப் போனவர். தகரக் கூரையில மழை சடசடன்னு விழுந்தா சோத்துத் தட்டை வச்சிட்டு வெளிய போய் நனைஞ்சுக்கிட்டு நிப்பார். நாங்க பைத்தியம்னு சொல்லிச் சிரிச்சோம். நான் மருமகளா வந்த புதுசுல நானும் சிரிச்சிருக்கேன்.

இவ்வளவையும் கேட்டுட்டு நான் நம்பினேன்னா நினைக்கிற? கண்ணு கலங்கினா உடனே நம்பிடுறதா? சீ.ஐ.டி.க்கு அழவும் படிப்பிச்சிருக்க மாட்டாங்களா? அப்பா இளகிட்டாங்க, தங்கச்சி மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்தா. (தடிமன்.) கங்காணி வந்து, ஒளிஞ்சவனை வச்சிருந்தா லயத்து ஆம்பளைங்க எல்லாரையும் அள்ளிக்கிட்டுப் போவாங்க, நாளைக்கே பொலிசுல சொல்லிடணும்னார். அவர் சொன்னதும் நியாயம்தான். கொஞ்சம் பொறுங்கண்ணே, நான் ஒண்ணு பார்க்கணும், போயா கழியட்டும்னு சொன்னேன். (கங்காணி எப்படிப் பொறுத்தார்னு அம்மாவுக்குத் தெரியாது. அவர் ஒத்தக் கால்ல நின்னதைத் தெஹியோவிட்ட பஸ் ஸ்டாண்ட்ல வச்சு நடிச்சுக் காட்டலாமான்னு அவர்கிட்ட பணிவாக் கேட்டேன். அவ்வளவுதான்.)

புதன்கிழமை போயா. அவன் அன்னைக்கு எங்கயும் போகலை, காம்பராவுலயே கிடந்தான். நான் போனேன். யார்கிட்டயும் சொல்லாம, மீன் கறிக்குப் புளி போடுற கொறக்கா வாங்குற சாட்டுல ஆத்தைத் தாண்டி அந்தக் கிராமத்துக்குப் போய், ஆமியில செத்த பொடியன் வீடு எதுன்னு விசாரிச்சேன். பொய்யா இருந்தா அப்படியே பொலிசுக்குப் போறதுன்னு நினைச்சுக்கிட்டுத்தான் பஸ் ஏறினேன். பொய் இல்லை மகன். படலையில வெள்ளைக் கொடி நிறம் போய்த் தொங்குது. உள்ள மாலை போட்ட போட்டோ, உன்னை மாதிரியே ஒரு காது கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு. அந்த அம்மாவுக்கு என் வயசுதான். கொறக்கா நிறுத்துக்கிட்டே அவங்களாத்தான் பேசினாங்க. மகனைக் கொண்டு வந்த சவப்பெட்டியைத் திறக்க விடலையாம். முகம் வேணாம், எனக்குத் தெரியும் முகம் இருக்காது, இடது காலை மட்டும் காட்டுங்க, சின்ன வயசுல தேங்காய் திருவுற கட்டையில விழுந்து பாதத்துல வெட்டின தழும்பு இருக்கு, அதை மட்டும் பார்த்தாப் போதும்னு கேட்டாங்களாம். அதுக்கும் விடலை. அதனால இன்னும் ராத்திரிக்குச் சோறு எடுத்து வைக்கிறாங்க. சொல்லிட்டு, உங்களுக்கு மகன் இருக்கானான்னு கேட்டாங்க. எனக்குப் பழகின பொய் நாக்கு வரைக்கும் வந்துச்சு, வெளிய வரலை. இருக்கான், கொழும்புல கடையில வேலைன்னு சொன்னேன். எப்ப வருவான்னு கேட்டாங்க. வராதேன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்னு எந்த வாயால சொல்லுவேன்? பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் அந்தக் கேள்விதான்.

வந்து விமலசிறிகிட்ட கேட்டேன், நீ அவன் காலைப் பார்த்தியான்னு. பார்த்தேன், சப்பாத்தைக் கழட்டினதே நான்தான், பாதத்துல பிறை மாதிரி ஒரு தழும்புன்னான். தழும்பைப் பத்தி நான் வாயே திறக்கலை, அவனாச் சொன்னான். அப்புறம் என்னடா, நாலு மாசமா ஒளிஞ்சு நின்னு பார்க்கிறதை விட்டுட்டுப் போய்ச் சொல்லுன்னேன். சொன்னா அவங்க நம்பிக்கை போயிடுமே அக்கேன்னான். தினமும் வைக்கிற சோத்தை நாய்க்குப் போடுற நம்பிக்கை என்ன நம்பிக்கை, போடான்னேன். மறுநாள் போனான். அவன் எங்களைப் பிடிச்சுக் குடுக்கத்தான் போயிருப்பானோன்னு பொழுது சாயும் வரைக்கும் நான் வாசல்ல நின்னது உண்மை, மறைக்கலை. திரும்பி வந்தான். கண்ணு வீங்கியிருந்துச்சு. கையில ஒரு பை கொறக்கா, அந்த அம்மா எனக்குக் குடுத்து விட்டது. அவங்க அழவே இல்லையாம், தழும்பு எந்தப் பக்கம்னு மட்டும் மூணு தடவை கேட்டாங்களாம், அப்புறம் ராத்திரிக்கு எடுத்து வச்ச சோத்தை இவனுக்குப் போட்டாங்களாம்.

தப்பி வந்த ஆமிக்காரங்களுக்கு மன்னிப்புக் காலம்னு அப்பப்ப அறிவிப்பாங்களாம், அடுத்தது வந்ததும் போய்க் கையைத் தூக்கிடுறேன்னு சொல்லியிருக்கான். அதுவரைக்கும் இங்கதான். அடுத்த காம்பராவுல இப்படி ஒருத்தனை வச்சுக்கிட்டு உன்னை வரச் சொல்றது புத்தியான்னு அப்பா கேட்டாங்க. புத்தி இல்லைதான். ஆனா அவங்க ஒரு பாதத்தைப் பார்க்கக் கேட்டுக் கிடைக்காம இருக்காங்க. எனக்கு முழு மகனும் பஸ் ஏறினா மத்தியானச் சோத்துக்கு வந்து சேரலாம். கார்த்திகை விளக்குக்கு வா மகன். முதலாளிகிட்ட லீவு கேளு, தரலைன்னா அம்மாவுக்குச் சுகமில்லன்னு சொல்லு, அது பொய்யும் இல்லை. வர்ற வழியில செக்பொயின்ட்ல நிப்பாட்டினா ஓடாதே, அவசரப்பட்டுப் பைக்குள்ள கை விடாதே, காட் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு மெதுவா எடு. துவக்கு வச்சிருக்கிறவனுக்கு உன்னைவிடக் கூடப் பயம், அவன் விரல் அந்தப் பயத்து மேலதான் இருக்குன்னு விமலசிறி உனக்குச் சொல்லச் சொன்னான். அதையும் முழுசா நம்பாதே, ஆனா அது மாதிரியே செய். நான் அவனை இன்னும் முழுசா நம்பலை. உன் சாரத்தைத் துவைச்சு, செங்கல் மாதிரி மடிச்சுத் திருப்பிக் குடுத்தான். அதைப் பெட்டிக்குள்ள வைக்க மனசு வரலை, உன் போட்டோவுக்குக் கீழ ஆணியில தொங்குது. ஆமா, போட்டோவை மறுபடி மாட்டிட்டேன். நேத்து அவன் வந்து பார்த்துட்டு, இந்தியாவுல இருக்கிற தம்பி எப்ப வர்றார்னு கேட்டான். என் மகன், கார்த்திகைக்கு வர்றான்னு சொன்னேன். சொல்லிட்டேன், இனி நீ வந்துதான் ஆகணும்.

மாரியாத்தாவும் உங்க தாத்தாவோட புண்ணியமும் உன் காலுக்கு முன்னால நடக்கட்டும், நீ பின்னால நடந்து வா. வரும்போது அப்பாவோட இடுப்புக்கு ஒரு தைலப் போத்தல் மறந்துடாதே.

உன் வழி பார்த்து நிக்கிற
அம்மா தங்கம்மா, அப்பா கன்னையா.

(அண்ணா, முன் பாதையில பலா மரம் இன்னும் அப்படியேதான் கிடக்கு, பின்பக்கமாத்தான் வரணும். அப்பா இப்ப விடிய முந்தியே எழும்பிக் கயிறை அவுத்திடுறாங்க. அப்பா மறந்தா விமலசிறி எழும்பி அவுத்திடுறான். பொழுது பட்ட பிறகு வந்து சேர்ந்தீங்கன்னா பயப்படாம கயிறுல காலை விடுங்க. மணி உங்களோடதுதானே, அடிச்சா எங்களுக்குத் தெரியும். ஷாமிளா.)